தோற்றவருக்கும் ஊர் இதுதான்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு மறுபடியும் டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிட்டது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் பதவிக்கு வந்தவர்களின் ஐந்து வருஷம் 2026 அக்டோபரோடு முடிகிறது. எந்த ஊராட்சி பெண்களுக்குப் போகும், எது பொதுவாகும், யார் நிற்பார், அவர் பின்னால் யார் இருக்கிறார் என்று மானாம்பதியில் தொடங்கி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இதே பேச்சுதான். ஜெயிக்கப் போகிறவர் யார் என்று ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தோற்கப் போகிறவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நம் உத்திரமேரூர் ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள் இருக்கின்றன. தலைவர் பதவிக்கு ஊருக்கு மூன்று பேர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 73 பேர் ஜெயிப்பார்கள், 146 பேர் தோற்பார்கள். வார்டு மெம்பர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை. இவ்வளவு பேர் ஒரே நாளில் தோற்கிற ஒரு காரியத்துக்கு நாம் எந்த முன்னேற்பாடும் செய்வதில்லை. மாலையும் பட்டாசும் மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுகிறோம்.

நான் பணியில் இருந்த காலத்தில் பல தேர்தல்களுக்கு வாக்குச்சாவடி வேலைக்கும் ஓட்டு எண்ணும் வேலைக்கும் போயிருக்கிறேன். சட்டமன்றத் தேர்தலுக்கும் ஊராட்சித் தேர்தலுக்கும் உள்ள வித்தியாசம் எண்ணும் மேசையில்தான் தெரியும். எம்.எல்.ஏ. தேர்தலில் மெஷின் ஒரு எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். ஊராட்சிக்கு இன்றும் ஓட்டுச் சீட்டுதான். பெட்டியைக் கவிழ்த்து, வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நிறம் பிரித்து, அப்புறம் சின்னம் பிரித்து, கட்டுக் கட்டி வைப்போம். ஏஜென்டுகள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பூட்டு சாவிக்கு ஒரு கட்டு, ஆட்டோவுக்கு ஒரு கட்டு. கண் முன்னால் ஒரு கட்டு உயர உயர, இன்னொரு கட்டு அப்படியே நிற்கும். அந்த நிற்கிற கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அங்கேயே அவர் மனசுக்குள் வேறொரு எண்ணிக்கை ஆரம்பித்துவிடும். 'இந்த பூத்தில் நம்ம தெரு 140 ஓட்டு. பங்காளி வீடு மட்டும் முப்பது. மாமனார் வகையில் இருபது. நமக்கு விழுந்தது 61. அப்ப யாரு போடலை?'

எம்.எல்.ஏ.வுக்கு நின்று தோற்றவருக்கு இந்தக் கேள்வி வராது. எந்த லட்சம் பேர் போடவில்லை என்று அவர் தேட முடியாது. வார்டு மெம்பருக்கு நின்றவருக்கோ மொத்தமே முந்நூறு, நானூறு ஓட்டுதான். அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு மொய் எழுதியிருப்பார், சாவுக்குத் தோள் கொடுத்திருப்பார். மறுநாள் காலையில் பால் ஊற்றப் போனால் அதே வரிசை, அதே முகங்கள். 'என்ன மாமா, இப்படி ஆயிடுச்சே' என்று கேட்கிறவர் நிஜமாகவே வருத்தப்படுகிறாரா, வேவு பார்க்கிறாரா என்று தெரியாது. ஊர்த் தேர்தல் தோல்வி கசப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பதவி போனதைவிட, தன் ஊர் தன்னைப் பற்றி உள்ளுக்குள் என்ன நினைக்கிறது என்பது எண்ணாக வெளியே வந்துவிட்டதே, அதுதான் உறுத்துகிறது.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் ஒரு பாட்டையே பாடுவார்கள். 'அண்ணாவே தோத்தாருப்பா. காமராஜரே தோத்தாரு. நீ என்ன?'

நாம் அண்ணாவின் மாவட்டத்துக்காரர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். அண்ணா தன் முதல் தோல்வியைப் பார்த்ததே ஓர் உள்ளாட்சித் தேர்தலில்தான். 1930களின் நடுவில், நீதிக்கட்சி சார்பில் சென்னை மாநகராட்சிக்குப் பெத்துநாயக்கன்பேட்டையில் நின்று தோற்றார். பிறகு 1957இல் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் நின்று சட்டமன்றத்துக்குப் போனார். 1962இல் அதே காஞ்சிபுரத்தில் காங்கிரஸின் நடேச முதலியாரிடம் தோற்றார். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தேர்தலில் அவர் கட்சி 15 இடத்திலிருந்து 50 இடத்துக்கு வளர்ந்தது, தலைவர் மட்டும் சொந்த ஊரில் தோற்றார். அதே ஆண்டு மாநிலங்களவைக்குப் போனார். 1967இல் தென்சென்னையில் நின்று நாடாளுமன்றத்துக்கு ஜெயித்தார், முதலமைச்சரானார், மேலவை உறுப்பினரானார். காஞ்சிபுரத்தில் மறுபடி அவர் நிற்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். காமராஜரும் 1967இல் சொந்த ஊர் விருதுநகரில், சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார்.

இரண்டு பேரும் பெரியவர்கள், சந்தேகமில்லை. ஆனால் தோற்ற வார்டு மெம்பரிடம் போய் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அண்ணாவுக்குக் காஞ்சிபுரம் கைவிட்டால் டெல்லி இருந்தது. பின்னால் ஒரு கட்சி இருந்தது, பத்திரிகை இருந்தது, மேடை இருந்தது. காமராஜருக்கு விருதுநகர் போனால் நாகர்கோவில் இருந்தது. நம் ஊர்க்காரர் பக்கத்து ஊராட்சிக்குப் போய் நிற்க முடியுமா? அவர் பெயர் இருக்கிற வாக்காளர் பட்டியல் இந்த ஊரில்தான் இருக்கிறது. நிலம், வீடு, குலதெய்வம், கடன், எல்லாம் இங்கேதான். அவருக்குத் தோற்ற இடத்திலேயே வாழ்ந்தாக வேண்டும். அண்ணாவுக்கும் காமராஜருக்கும் அந்தக் கட்டாயம் வரவில்லை.

'அடுத்த தடவை பாத்துக்கலாம்' என்பதும் இப்படித்தான். எந்த அடுத்த தடவை? நம் மாவட்டத்தில் 2011 அக்டோபரில் தோற்றவர் அடுத்த தேர்தலைப் பார்க்கப் பத்து வருஷம் ஆனது. 2016 தேர்தல் நீதிமன்றத்தில் நின்றது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கு நடந்தபோது, மாவட்டப் பிரிவினையால் நம்மையும் சேர்த்து ஒன்பது மாவட்டங்களை ஒதுக்கி வைத்தார்கள். பக்கத்தில் இருக்கிற வந்தவாசி திருவண்ணாமலை மாவட்டம் என்பதால் அந்தப் பக்கத்துச் சம்பந்தி வீட்டார் 2019லேயே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். நாம் 2021 அக்டோபரில்தான் போட்டோம். அந்த ஐந்து வருஷமும் தனி அலுவலர் ஆட்சி. அது முடிந்து தேர்தல் வந்தால் ஊராட்சி பெண்களுக்கோ தாழ்த்தப்பட்டோருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கலாம். ஒதுக்கீடு வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் தோற்றவரிடம் அடுத்த தடவை என்று நிச்சயமாகச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குடவோலை நினைவுக்கு வராமல் உத்திரமேரூர்க்காரன் தேர்தலைப் பற்றி எழுத முடியுமா? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிற பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், பொ.ஆ. 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி, ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஓலையை வாங்கிப் படித்தார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் ஆள் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இதைப் பல வருஷம் நடத்தியிருக்கிறேன். நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: இந்த முறையில் ஒருவரும் தோற்பதில்லை. ஓலை வரவில்லை, அவ்வளவுதான். உன்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பங்காளி குத்தவில்லை, மாமன் குத்தவில்லை, குடத்தில் கை விட்ட பையனுக்கு நீ யார் என்றே தெரியாது. மறுநாள் தலை நிமிர்ந்து குளத்துக்குப் போகலாம்.

அதற்காக அதைக் கொண்டாட நான் தயாராக இல்லை. குடத்தில் ஓலை போட நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். அது பிராமணர் சபை. உழுதவனுக்கும் ஏரியில் மண் சுமந்தவளுக்கும் அந்தக் குடத்தில் ஓலையே கிடையாது. இன்றைக்கு ஒரு கூலிக்காரப் பெண் தலைவர் பதவிக்கு நின்று தோற்கிறாள் என்றால், தோற்கிற உரிமையே அவள் பாட்டிக்கு இருந்ததில்லை. அந்த வலியோடு சேர்த்துத்தான் இந்த உரிமை வந்திருக்கிறது. (இரண்டு பேருக்கும் சரிசமமாக ஓட்டு விழுந்தால் இன்றும் குலுக்கல்தான். குடம் முழுசாகப் போய்விடவில்லை.)

சரி, தோற்றவர் என்ன செய்கிறார்?

என்னிடம் படித்தவன் ஒருவன், ஊரைச் சொல்லவில்லை, 2021இல் தலைவருக்கு நின்றான். நல்ல பையன். வெள்ளம் வந்தபோது ஏரிக்கரையில் ராத்திரி முழுக்க மூட்டை அடுக்கினவன். சொற்ப ஓட்டில் போனது. ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் பார்க்கப் போனபோது ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினான். வீட்டு வரிசைப்படி பெயர் எழுதி, பக்கத்தில் டிக், பெருக்கல் குறி, கேள்விக்குறி. போட்டவன், போடாதவன், சந்தேகம். 'சார், எங்க பெரியப்பா வூட்ல ஆறு ஓட்டு. மூணுதான் வந்திருக்கும் சார். எனக்குத் தெரியும்.' எப்படித் தெரியும் என்று கேட்டேன். 'மூஞ்சியைப் பாத்தாலே தெரியும் சார்' என்றான்.

முப்பது வருஷத்துக்கு மேல் பரீட்சைப் பேப்பர் திருத்தியவன் நான். அந்த நோட்டைப் போல ஆதாரமே இல்லாமல் போட்ட மார்க்கை நான் பார்த்ததில்லை. ரகசிய ஓட்டு என்பதை நாம் ஓட்டுப் போடுகிறவருக்கான பாதுகாப்பு என்று மட்டும் நினைக்கிறோம். தோற்றவருக்கும் அது பாதுகாப்புதான். பெரியப்பா போடவில்லை என்று நிச்சயமாகத் தெரியாத வரைக்கும் பெரியப்பா வீட்டுப் படியேற முடியும். அந்த நோட்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. 'கொளுத்திப் போடுடா' என்றேன். அன்றைக்கு அவன் கொளுத்தவில்லை. பெரியப்பா மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

பணம் கொடுத்தவர் பாடு இன்னும் மோசம். ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்குத் தேர்தல் ஆணையம் வைத்த செலவு வரம்பு 34,000 ரூபாய், வார்டு மெம்பருக்கு 9,000. நிஜம் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். நகை அடகுக்குப் போகிறது, ரோட்டோர நிலத்தில் அரை ஏக்கர் கை மாறுகிறது. கொடுத்துத் தோற்றவர், தான் தோற்றதாக நினைப்பதே இல்லை, ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார். காசு வாங்கிக்கொண்டு சரக்குக் கொடுக்காத கடைக்காரனைப் பார்க்கிற பார்வைதான் ஊர் முழுக்க அவருக்கு. வீடு வீடாகப் போய்க் கொடுத்ததைத் திருப்பிக் கேட்ட கதையெல்லாம் நாம் கேள்விப்பட்டதுதான். கொடுக்காமல் நின்று தோற்றவர்களையும் எனக்குத் தெரியும். வருத்தம் அவர்களுக்கும் உண்டு. ஆனால் கடன்காரன் வாசலில் இல்லை. யாரிடமும் போய், 'வாங்கினியே' என்று கேட்க வேண்டியதில்லை. சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள்.

அப்புறம் ஊர் சிரிக்கிற சிரிப்பு. 2021 அக்டோபர் 12, ஓட்டு எண்ணிய அன்று, கோவை மாவட்டம் பெரியநாயக்கன்பாளையம் ஒன்றியம் குருடம்பாளையம் ஊராட்சியில் 9வது வார்டு இடைத்தேர்தலில் நின்ற ஒருவருக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. நாடு முழுக்கச் சிரித்தது, 'வீட்டுக்காரங்ககூடப் போடலையா' என்று. விஷயம் என்னவென்றால், அவர் குடும்பத்துக்கு ஓட்டு இருந்தது 4வது வார்டில். அவர்கள் நினைத்தாலும் அவருக்குப் போட்டிருக்க முடியாது. அவர் ஒரு பெரிய கட்சிக்காரர் என்பதால் சிரிப்பு இன்னும் பெருகியது. கட்சியைக் கேலி செய்யுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் அன்றைக்குத் தமிழ்நாட்டில் பத்து ஓட்டும் பதினைந்து ஓட்டும் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். அடுத்த தடவை ஒருவர் தைரியமாக நிற்க வேண்டுமென்றால் தோற்றவரைப் பார்த்து ஊர் என்ன சத்தம் போடுகிறது என்பதையும் யோசித்துத்தான் நிற்பார்.

ஜெயித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்வலம் போங்கள், மாலை போட்டுக்கொள்ளுங்கள். தோற்றவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திப் பத்தாயிரம் வாலா வெடிக்காதீர்கள். நான் பார்த்த ஊர்ச் சண்டைகள் பல, ஓட்டு எண்ணிய ராத்திரி எந்தத் தெருமுனையில் பட்டாசு வெடித்தது என்பதில் ஆரம்பித்தவை. அந்த வெடிக்குப் பிறகு கோயில் திருவிழா இரண்டாகப் பிரிகிறது, குழாய்த் தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. தோல்வியைத் தாங்காத மனசு சாதித் திமிரோடு சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு மதுரை மாவட்டம் மேலவளவு இருக்கிறது. தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதையே ஏற்க முடியாதவர்கள், ஜெயித்து வந்த முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அவர்கள் யாரும் ஓட்டில் தோற்ற வேட்பாளர்கள் என்று நான் சொல்லவில்லை. இத்தனை காலம் நமதாக இருந்த நாற்காலியில் இன்னொருத்தர் உட்காருவதா என்கிற எண்ணம், சின்ன அளவில் எல்லா ஊரிலும் இருக்கிறது. நம் பக்கத்திலும் ஊர்த் தெரு, காலனித் தெரு என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சட்டமன்றத்தில் தோற்ற கட்சிக்கு எதிர்க்கட்சி வரிசை என்று ஓர் இடம் இருக்கிறது. எதிர்க்கட்சித் தலைவருக்கு அறை, கார், பேச நேரம் எல்லாம் உண்டு. ஊராட்சியில் அப்படி ஒன்றும் கிடையாது. தலைவர் பதவிக்கு நின்று 412 ஓட்டு வாங்கித் தோற்றவருக்கு ஊராட்சி மன்றத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை. ஜெயித்தவர் 430 வாங்கியிருப்பார். அந்த 430க்கு ஐந்து வருஷ அதிகாரம், 412க்கு ஒன்றுமில்லை. சட்டம் அவரை ஒரே ராத்திரியில் சும்மா ஆக்கிவிடுகிறது. வெட்கப்பட்டு அவரும் வீட்டுக்குள் போய்விடுகிறார்.

ஆனால் அந்த 412 பேர் எங்கே போவார்கள்? அவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களும் அன்றைக்குத் தோற்றவர்கள்தான், மாலையில்லாமல், ஆறுதல் சொல்ல ஆளில்லாமல். அவர்கள் தெரு விளக்கு எரியாவிட்டால் யாரிடம் போவார்கள்? 'அந்தத் தெருக்காரன் நமக்குப் போடலை' என்று கணக்கு எழுதுவது தோற்றவர் மட்டுமில்லை, ஜெயித்தவர்களிலும் நோட்டுப் போடுகிறவர்கள் உண்டு. முதியோர் பென்ஷன் மனுவை எழுதிக் கொடுக்க, வீடு கட்டும் திட்டப் பட்டியலில் பெயர் ஏன் விட்டுப்போனது என்று கேட்க, அந்த 412 பேருக்கு ஓர் ஆள் வேண்டும். ஓட்டுக் கேட்கும்போது, 'உங்க பிரச்சினைக்கு நான் இருக்கேன்' என்று கும்பிட்டவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டால், அந்த வார்த்தை பதவிக்கு மட்டும் சொன்னது என்று ஆகிவிடும்.

அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. தரையில், பாயில், கிராம சபையில். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாரும் அதன் உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று இப்போது வருஷத்துக்கு ஆறு நாள். வரவு செலவு அங்கே படிக்க வேண்டும். மக்கள்தொகைக்குத் தக்கபடி குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்று கணக்கிருக்கிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். பல ஊர்களில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கி இந்த எண்ணிக்கையை நிரப்புகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. கேள்வி கேட்கத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. யாருக்குத் தெரியும்? ஒரு மாதம் தெருத் தெருவாக நடந்து, எந்தத் தொட்டியில் பாசி, எந்தப் பள்ளிக்கூடத்தில் கக்கூஸுக்குக் கதவில்லை, எந்தக் கால்வாயில் முள் அடைத்திருக்கிறது என்று நேரில் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஊரிலேயே ஜெயித்தவரும் தோற்றவரும் மட்டும்தான் அப்படி எல்லா வீட்டு வாசலும் மிதித்தவர்கள். அதில் ஒருவர் பதில் சொல்கிற இடத்தில் இருக்கிறார். இன்னொருவர் கேட்கிற இடத்தில் உட்கார வேண்டாமா?

பக்கத்து ஊர் அம்மா ஒருவர் இதைச் செய்கிறார். பெண்களுக்கான இடம் என்பதால் வீட்டுக்காரர் நிற்க வைத்தார், போஸ்டரில் அவர் படம்தான் பெரிசு. தோற்றதும், 'உன் ராசி' என்று பழி மட்டும் முழுசாக அந்த அம்மா பேருக்கு எழுதப்பட்டது. ஓட்டுக் கேட்டு நடந்தபோதுதான் ஊரின் கடைசித் தெருவையே முதல் முறையாகப் பார்த்ததாக என்னிடம் சொன்னார். இப்போது மகளிர் குழுப் பெண்கள் நாலைந்து பேரோடு வந்து கிராம சபையில் முன்வரிசையில் உட்காருகிறார். கையில் ஒரு துண்டுச்சீட்டு. அதைப் பார்த்ததும் ஊராட்சிச் செயலாளர் கணக்கு ஃபைலை ஒருமுறை புரட்டிக்கொள்கிறார்.

அதற்கு முன்னால் சில்லறை வேலைகள் இருக்கின்றன. சோகத்தில் இவற்றை விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். தோற்றவருக்கும் இது உண்டு. 'தோத்தாச்சு, இனிமே எதுக்கு' என்று விட்டால் மூன்று வருஷம் எந்த உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்க முடியாதபடி தகுதி நீக்கம் வரும். கணக்குக் காட்டாதவன் பேரும், அவன் நெருங்கிய உறவுக்காரன் பேரும் குடத்தில் போகக்கூடாது என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் நம் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். உறவுக்காரனை இன்றைய சட்டம் விட்டுவிட்டது, அந்த மட்டில் சந்தோஷம். பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால் டெபாசிட்டைத் திரும்ப வாங்குங்கள். சின்னப் பணம்தான், ஆனால் உங்கள் பணம். எண்ணிக்கையில் நிஜமாகவே தவறு நடந்ததாக ஆதாரம் இருந்தால் 45 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். ஆதாரம் இல்லாமல், 'பெட்டியை மாத்திட்டான்' என்று டீக்கடையில் ஐந்து வருஷம் சொல்லிக்கொண்டிருப்பது உங்களுக்கு ஓட்டுப் போட்ட 412 பேரையும் சேர்த்து அலுக்க வைத்துவிடும். உங்கள் சின்னம் வரைந்த சுவரை நீங்களே வெள்ளையடியுங்கள். அந்த வீட்டுக்காரர் ஒருவேளை உங்களுக்குப் போடாதவராக இருக்கலாம், பரவாயில்லை.

வீட்டில் இருக்கிறவர்கள், முக்கியமாக மனைவி, அம்மா, 'நான் அப்பவே சொன்னேன்' என்பதை ஒரு மூன்று மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். பள்ளிக்கூடத்தில் ஃபெயிலான பிள்ளையின் அப்பாவிடம் நான் சொல்கிற அதே வார்த்தைதான். பிள்ளைகளையும் கவனியுங்கள். 'உங்க அப்பா தோத்துட்டாரு' என்று வகுப்பில் இன்னொரு பிள்ளை சொல்லி, அழுதுகொண்டு வந்த சிறுமியை நான் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

நோட்டுப் போட்ட என் மாணவனைப் பற்றிக் கேட்பீர்கள். ஒன்றரை வருஷம் கழித்து அவன் ஊரில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிற பைப் உடைந்து ஒரு வாரம் தண்ணீர் இல்லை. உடைந்தது பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்தில். அந்த மே 1 கிராம சபையில் எழுந்து கேட்டிருக்கிறான். ஜெயித்தவரின் ஆள் ஒருவர், 'தோத்தவனுக்கு என்னடா பேச்சு' என்றிருக்கிறார். இவன் உட்காரவில்லை. 'தோத்தவனுக்கும் தாகம் எடுக்கும்ணா' என்றானாம். நாலு பேர் சிரித்திருக்கிறார்கள், பெரியப்பாவும் அதில் ஒருவர். பைப் சரியானது. பெரியப்பாவோடு இன்னும் முழுசாகப் பேச்சு இல்லை, வந்தால் 'வா' என்கிற அளவில் இருக்கிறது. நோட்டு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

வரப்போகிற தேர்தலில் நிற்கப் போகிற தம்பி, தங்கைகள் நம் ஒன்றியத்தில் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஜெயிக்க வாழ்த்துகள். மனுத் தாக்கல் செய்யும் முன்பே வீட்டில் உட்கார்ந்து ஒரு விஷயத்தை மட்டும் பேசிவிடுங்கள்: தோற்றால் எவ்வளவு கடன் வரைக்கும் நம்மால் தாங்க முடியும், எண்ணிய மறுநாள் காலை யார் வீட்டுக்கு முதலில் போவது.

2021இலோ அதற்கு முன்போ தோற்றவர்கள் உங்கள் ஊரில் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். பெயர், சின்னம், கட்சி வேண்டாம். ஊரில் யாராவது படித்தால் மறுபடி ஒரு நோட்டுப் போட்டுவிடுவார்கள்.